கணக்கில் துண்டு விழுந்த இருபதாயிரம் கேலன்

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடிநீரைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். ஆறு, மழை, அணைக்கட்டு பற்றியெல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். நான் எடுத்துக் கொண்டிருப்பது எண்ணெய்க் கதை. இன்னும் சரியாகச் சொன்னால், எண்ணெய்க்காக எழுதப்படும் ஒரு கணக்குப் புத்தகத்தின் கதை. நான் இரசாயனம் படித்து வந்த ஆள் அல்ல, தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்த ஆள். ஆனால் கணக்குப் புத்தகத்தைப் படிக்க இரசாயனம் தேவையில்லை அல்லவா?

நாம் தினமும் வண்டியை நிறுத்தி எண்ணெய் ஊற்றுகிற நிலையத்தை நினைத்துப் பாருங்கள். பம்பு மேலே இருக்கிறது. சரக்கு நம் காலுக்குக் கீழே, மண்ணுக்குள் புதைத்த தொட்டியில் இருக்கிறது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. அதனால்தான் அந்தக் காலத்திலிருந்து ஒரு நீண்ட அளவுகோலைத் துவாரத்தின் வழியே இறக்கி, எது வரை நனைந்திருக்கிறது என்று பார்த்து எழுதி வைத்தார்கள். இப்போது அந்த வேலையை மின்னணுக் கருவி செய்கிறது. ஆனால் கணக்கு பழைய கணக்குதான். நேற்று இருந்த இருப்பு, அதோடு லோரியில் வந்தது, அதிலிருந்து விற்றது கழித்தால் இன்று இருக்க வேண்டியது. கோல் காட்டுவது இன்று உண்மையில் இருப்பது. தோட்டத்துக் கிராணியிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார். ஸ்டோரில் உரமூட்டைக்கும் அரிசிக்கும் அவர் எழுதிய அதே கணக்குதான் இது.

இரண்டு எண்ணும் ஒத்துப் போகாவிட்டால் துண்டு விழுந்தது என்கிறோம். துண்டு விழுந்தால் காரணம் சொல்ல எப்போதும் நாலைந்து பதில் கைவசம் இருக்கும். வெயிலுக்கு எண்ணெய் விரியும், குளிருக்குச் சுருங்கும். பம்பின் மீட்டர் சரியில்லை. லோரிக்காரர் குறைத்து இறக்கிவிட்டார். யாரோ கை வைத்துவிட்டார்கள். கோலைச் சரியாகப் பார்க்கவில்லை. இந்தக் காரணங்கள் எல்லாமே நடக்கக் கூடியவைதான், பொய் அல்ல. அதனால்தான் தொட்டியிலோ குழாயிலோ ஓட்டை விழுந்திருக்கிறது என்ற இன்னொரு காரணம் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. சில இடங்களில் பல வருடம் கழித்து, பக்கத்து வீட்டுக் கிணற்றில் வாடை வந்த பிறகு நினைவுக்கு வருகிறது.

இந்தத் துண்டை நாடு முழுவதும் சட்டம் போட்டு எழுத வைத்த தேசம் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார்கள் பெருகின, மூலைக்கு மூலை எண்ணெய் நிலையங்கள் வந்தன. எந்தப் பூச்சும் இல்லாத வெறும் எஃகுத் தொட்டிகளை மண்ணில் புதைத்தார்கள். ஈர மண்ணில் எஃகு என்ன ஆகும்? இருபது, முப்பது வருடத்தில் துருப்பிடித்துத் துளை விழுந்தது. பெட்ரோலில் இருக்கும் பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. அமெரிக்கக் குடிநீர் விதிப்படி அது நூறு கோடிப் பங்கில் ஐந்து பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படியென்றால் ஒரு வாளி பெட்ரோல் எவ்வளவு தண்ணீரைக் கெடுக்கும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலைப் பற்றிப் பெருமையாக ஒன்று சொல்லிக் கொள்ள வேண்டும். 1983 ஆம் ஆண்டு சி.பி.எஸ். தொலைக்காட்சியின் 'சிக்ஸ்டி மினிட்ஸ்' நிகழ்ச்சியில், புதைத்த தொட்டிகள் கசிந்து அவதிப்பட்ட குடும்பங்களைப் பற்றி ஓர் அங்கம் ஒளிபரப்பானது. 'தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்' என்பது போன்ற தலைப்பு. அடுத்த ஆண்டே, 1984 இல், அமெரிக்க நாடாளுமன்றம் நிலத்தடித் தொட்டிகளுக்கென்று சட்டத்தில் தனிப் பகுதியைச் சேர்த்தது. தொலைக்காட்சி மட்டுமே இதைச் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் தொட்டித் திட்டத்தின் வரலாற்றைச் சொல்லும்போது அந்த நிகழ்ச்சியையும் குறிப்பிடுகிறது. நிகழ்ச்சி தயாரிப்பவர்களுக்கு அது போதாதா!

பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. 1986 இல் துப்புரவுப் பணிக்காக ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். விற்கும் ஒவ்வொரு கேலன் எரிபொருளுக்கும் ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கு வரி. 1988 இல் விரிவான விதிகள் வந்தன. பழைய தொட்டிகளைச் சீர்படுத்த, மாற்ற, அல்லது மூட பத்து ஆண்டு தவணை. 1998 டிசம்பர் 22 கடைசி நாள். அந்தச் சட்டத்தின் கீழ் இதுவரை உறுதி செய்யப்பட்ட கசிவுகள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவை துப்புரவு செய்யப்பட்டு விட்டன. பல்லாயிரம் இடங்கள் மிச்சம் இருக்கின்றன.

அந்த விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் சுவையாகப் பட்டது. மாதக் கணக்கில் எவ்வளவு துண்டு விழுந்தால் கசிவு என்று சந்தேகிக்க வேண்டும்? தொட்டி வழியே சென்ற எண்ணெயில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதற்கு மேல் 130 கேலன். ஒரு நிலையம் மாதம் ஒரு லட்சம் கேலன் விற்றால், 1,130 கேலன் வரை குறைந்தாலும் அந்தக் கணக்கு அலறாது. ஒரு கேலன் என்பது மூன்றேமுக்கால் லிட்டருக்குச் சற்று அதிகம். ஆக நாலாயிரம் லிட்டருக்கு மேல்! இதைத் தளர்வான விதி என்று நான் குறை சொல்லவில்லை. கோலை வைத்து அளந்தால் அவ்வளவுதான் துல்லியம் கிடைக்கும். அதனால்தான் இந்தக் கணக்கோடு தொட்டியின் இறுக்கத்தைச் சோதிக்கும் சோதனையும் செய்ய வேண்டும் என்று சேர்த்தே எழுதினார்கள். கணக்கு மட்டும் போதாது என்று விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது.

இந்தப் பதிவுகள் அலுவலக அலமாரியிலேயே இருந்தால் யாருக்கு என்ன பயன்? கலிபோர்னியாவில் சாந்தா மோனிகா நகரம் 1996 இல் தன் கிணறுகளை மூட வேண்டி வந்தது. நகரத்தின் குடிநீரில் ஏறக்குறைய பாதி அதோடு போயிற்று. எம்.டி.பி.இ. என்ற பொருளைப் பெட்ரோலில் சேர்த்தது காற்றைச் சுத்தமாக வைக்க. அது தண்ணீரில் சுலபமாகக் கரையும், வெகு தூரம் ஓடும், மிகக் கொஞ்சம் இருந்தாலே தைலம் போல் நாறும். காற்றுக்குச் செய்த வைத்தியம் தண்ணீருக்கு நோயாக முடிந்தது. பிறகு அம்மாநிலத்தில் அந்தப் பொருளை நிறுத்திவிட்டார்கள். இன்று கலிபோர்னியாவின் நீர்வள வாரியம் 'ஜியோட்ராக்கர்' என்ற கணினி வரைபடத்தில் எல்லாக் கசிவுப் பதிவுகளையும் போட்டு வைத்திருக்கிறது. வீடு வாங்கப் போகிறவர் தெருப் பெயரைத் தட்டினால், அந்த மூலையில் எந்தத் தொட்டி எந்த வருடம் கசிந்தது, துப்புரவு முடிந்ததா என்று பார்த்துக் கொள்ளலாம்.

ஆனால் நேயர்களே, 1988 ஆம் ஆண்டு விதிகளில் ஒரு கதவு திறந்தே இருந்தது. தொழிற்சாலையில் செய்து லோரியில் ஏற்றி வந்து புதைக்கும் தொட்டிகளுக்குத்தான் கசிவைக் கண்டறியும் விதி கட்டாயமானது. இருக்கும் இடத்திலேயே கட்டி எழுப்பிய மிகப் பெரிய தொட்டிகளுக்கு அது ஒத்தி வைக்கப்பட்டது. அந்த ஒத்திவைப்பு நீங்கியது 2015 இல்தான். மூலைக் கடைக்காரர் மாதா மாதம் கணக்குக் காட்ட வேண்டும். மலைக்குள் கட்டிய தொட்டிகளின் சொந்தக்காரர் அந்த விதிக்கு இருபத்தேழு வருடம் காத்திருக்கலாம். அப்படிக் காத்திருந்த தொட்டிகளில் மிகப் பெரியவை ஹவாயில், ஹொனலூலு நகருக்குப் பக்கத்தில் ரெட் ஹில் என்ற மலைமுகட்டுக்குள் இருந்தன. உரிமையாளர் அமெரிக்கக் கடற்படை.

பெர்ல் ஹார்பர் துறைமுகத்தை நாம் எல்லாரும் அறிவோம். 1941 டிசம்பர் 7 இல் ஜப்பான் அங்கே குண்டு போட்டது. அந்தத் துறைமுகத்தில் கப்பற்படையின் எண்ணெய் எல்லாம் தரைக்கு மேல் திறந்த வெளியில் தொட்டிகளில் இருந்தது. ஒரு குண்டு விழுந்தால் போதும் என்ற கவலை படைத் தலைமைக்குத் தாக்குதலுக்கு முன்பே இருந்தது. 1940 டிசம்பர் கடைசியிலேயே மலையைக் குடையத் தொடங்கிவிட்டார்கள். தாக்குதலில் தரைமேல் தொட்டிகள் தப்பியது பெரும் அதிர்ஷ்டம். மலைக்குள் வேலை இரவு பகலாக நடந்து 1943 இல் முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். உயிரை விட்டவர்களும் உண்டு.

கட்டிய விதம் அசாத்தியமானது. இருபது தொட்டிகள், இரண்டு வரிசை. ஒவ்வொன்றும் நூறு அடி அகலம், 250 அடி உயரம். மலையின் மேலிருந்து நடுவில் ஒரு கிணறு தோண்டி, அதைச் சுற்றி அகலமாக வெட்டிக் கொண்டே போனார்கள். வெட்டிய பாறை அந்தக் கிணற்றின் வழியே கீழ்ச் சுரங்கத்தில் விழுந்து நகரும் பட்டையில் வெளியே போயிற்று. பாறைச் சுவருக்குக் கான்கிரீட், அதற்குள் கால் அங்குல எஃகுத் தகடு. ஒரு தொட்டியில் ஒரு கோடியே 25 லட்சம் கேலன் பிடிக்கும். ஹொனலூலு துறைமுகத்தில் அலோஹா கோபுரம் என்று ஒன்று இருக்கிறது. அதை அப்படியே தூக்கி ஒரு தொட்டிக்குள் வைத்துவிடலாம். தொட்டிகள் உயரத்தில் இருந்ததால் நாலு கிலோமீட்டர் தூரத் துறைமுகத்துக்கு எண்ணெய் தானாகவே இறங்கி ஓடியது. பல்லாண்டு காலம் இது இராணுவ இரகசியமாக இருந்தது. 1995 இல் அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கம் இதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பாராட்டு தகுதியானதுதான் என்றே நான் நினைக்கிறேன்.

கோளாறு எங்கே என்றால், தொட்டிகளின் அடிப்பாகத்துக்கு நூறு அடி கீழே ஒவாஹு தீவின் நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. மலையில் பெய்யும் மழை எரிமலைப் பாறையில் ஊறி, ஏறக்குறைய 25 ஆண்டுகள் வடிகட்டப்பட்டு அங்கே போய்ச் சேர்கிறது என்று அந்நகர நீர் வாரியம் சொல்கிறது. ஹவாய் மொழியில் தண்ணீருக்கு 'வாய்' என்று பெயர். செல்வத்துக்கு 'வாய்வாய்'. நீர் இரட்டித்தால் அதுதான் செல்வம்!

அரங்கில் இந்த இடத்தில் ஓர் அம்மா கையை உயர்த்தி, "இவ்வளவு பெரிய படிப்புப் படித்த பொறியாளர்கள் தண்ணீருக்கு மேலேயா எண்ணெயை வைப்பார்கள்? சிங்கப்பூரிலும் பூமிக்குள் வைத்திருக்கிறார்களாமே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1940 இல் அவர்கள் பயந்தது மேலிருந்து விழும் குண்டுக்கு. கீழே போகும் சொட்டை யாரும் நினைக்கவில்லை. சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் 2014 இல் திறக்கப்பட்ட பாறைக் குகைகள் வேறு மாதிரி. அவை கடலுக்கு அடியில் 130 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. அங்கே குகையைச் சுற்றியுள்ள பாறையில் தண்ணீர் நிறைந்து, நாலா பக்கமும் உள்நோக்கி அழுத்திக் கொண்டிருக்கும். அதனால் எண்ணெய் வெளியே போக முடியாது, நீர்தான் உள்ளே கசியும். அங்கே தண்ணீர் எண்ணெய்க்குக் காவல். ரெட் ஹில்லில் எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே, நடுவில் கால் அங்குலத் தகடும், கான்கிரீட்டும், துளை நிறைந்த எரிமலைப் பாறையும்.

இனி கணக்குக்கு வருவோம். நூறு அடி அகலத் தொட்டியில் எண்ணெய் ஓர் அங்குலம் இறங்கினால் எவ்வளவு குறைந்திருக்கும்? நானே பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சுமார் 4,900 கேலன். பதினெட்டாயிரத்து ஐந்நூறு லிட்டர். ஓர் அங்குலம் என்பது நம் கட்டைவிரலின் ஒரு கணு. 250 அடி உயரத் தொட்டியில் ஒரு கணு குறைந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

தொடக்கத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. எஃகுத் தகட்டுக்குப் பின்னால் கசிவதைக் காட்டிக் கொடுக்கும் சிறு குழாய்களை வைத்திருந்தார்கள். பின்னாளில் அந்தக் குழாய்களே துருப்பிடித்துக் கசியத் தொடங்க, பராமரிப்புப் பணிகளின்போது அவற்றை எடுத்துவிட்டார்கள். கசிவுக் குறிப்புகள் 1940களிலிருந்தே இருக்கின்றன. 1990களின் இறுதியிலிருந்து தொட்டிகளுக்கு அடியில் துளையிட்டுப் பாறையை எடுத்துப் பார்த்தபோது எண்ணெய்க் கறை தெரிந்தது. ஆக, எண்ணெய் வெளியே போயிருக்கிறது என்பது புதிதாகத் தெரிய வந்த சேதி அல்ல. கடற்படையின் கோப்பில் இருந்த சேதி.

2014 ஜனவரியில் ஐந்தாம் எண் தொட்டி. பராமரிப்பு வேலை முடிந்து முந்தைய மாதம்தான் எண்ணெய் நிரப்பத் தொடங்கியிருந்தார்கள். குத்தகையாளர் செய்த பற்றவைப்பில் குறைகள் இருந்தன. அதைச் சோதித்துக் கண்டுபிடிக்கவும் தவறிவிட்டார்கள். அளவு குறைகிறது என்று எச்சரிக்கை மணி அடித்தது. பணியாளர்கள் கருவிதான் கோளாறு என்று நினைத்தார்கள். கடைசியில் 27,000 கேலன் போயிருந்தது. அங்குலக் கணக்கில் ஐந்தரை அங்குலம். அதற்குப் பிறகு 2015 இல் கடற்படை, மத்திய முகமை, ஹவாய் சுகாதாரத் துறை ஆகியவை ஓர் உடன்படிக்கை செய்து கொண்டன. தொட்டிகளைச் சீர்படுத்த இருபது ஆண்டுக்கு மேல் அவகாசம். ஹொனலூலு நீர் வாரியத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த எர்னி லாவ், 2014 க்குப் பிறகு கூட்டத்துக்குக் கூட்டம் இந்தத் தொட்டிகள் அங்கே இருக்கக் கூடாது என்று சொல்லி வந்தார். கடற்படையோ, தொட்டிகள் பாதுகாப்பாகவே உள்ளன என்று சொல்லி வந்தது.

2021 மே 6 ஆம் நாள் மாலை. ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணெய் மாற்றும் வேலை. வால்வுகளைத் திறக்கும் வரிசை பிசகியது. குழாயில் அழுத்தம் எகிறி, கீழ்ச் சுரங்கத்தில் குழாய் இணைப்புகள் விட்டுப் போயின. விமான எரிபொருள் சுரங்கத் தரையில் கொட்டியது. கடற்படை பிறகு வெளியிட்ட எண் 1,618 கேலன். அதிலும் 38 கேலன் தவிர மற்றதெல்லாம் மீட்கப்பட்டது என்றார்கள். படித்தால் மனசுக்கு நிம்மதி தரும் எண்.

ஆனால் தொட்டியின் கணக்கு அதைச் சொல்லவில்லை. தொட்டியில் இருக்க வேண்டியதை விடச் சுமார் 20,000 கேலன் குறைவாக இருந்தது. நாலு அங்குலம். அந்த எண்ணைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பார்க்கவில்லை என்றால் கூட மன்னிக்கலாம். குழாய்களுக்குள் நின்றிருக்கும் எண்ணெய் என்று ஒரு விளக்கம் அதற்குக் கிடைத்துவிட்டது. நம் எண்ணெய் நிலையத்தில் சொல்லும் அதே மாதிரி விளக்கம்தான். கணக்குப் புத்தகம் தன் வேலையைச் செய்தது, துண்டு எழுதப்பட்டிருந்தது. அதைப் பின்தொடர்ந்து போய் எண்ணெய் எங்கே என்று தேடத்தான் ஆளில்லை.

எங்கே போயிருந்தது தெரியுமா? தரையில் கொட்டியது ஒரு குழியில் சேர்ந்தது. தீப்பிடித்தால் தீயணைப்பு நுரையையும் நீரையும் வெளியேற்றுவதற்காக அங்கே பம்புகள் இருந்தன. அவை எண்ணெயை உறிஞ்சி, சுரங்கத்தின் மேற்பக்கம் தொங்கிய பி.வி.சி. குழாயில் ஏற்றிவிட்டன. வெறுமையாக இருக்க வேண்டிய குழாய் அது. ஆறு மாதத்துக்கு மேல் ஆட்கள் அதன் கீழே வந்து போனார்கள். எண்ணெயின் பாரத்தில் குழாய் தொய்ந்தும் இருந்தது.

அதே ஆண்டு நவம்பர் 20, சனிக்கிழமை. சுரங்கத்தில் ஓடும் சிறு ரயில் வண்டி அந்தக் குழாயின் வடிகால் வால்வில் இடித்தது. மே மாதக் கணக்கில் விழுந்த துண்டு முழுவதும் மழை போல் கொட்டியது. முப்பது மணி நேரத்துக்கு மேல் ஒழுகியது. அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் கடற்படையின் குடிநீர்க் கிணறு. சில ஆயிரம் கேலன் வடிகால் வழியே மண்ணுக்குள் போய்விட்டது. தண்ணீருக்கு ஆபத்தில்லை என்பதே முதல் அறிவிப்பு.

நன்றி கூறும் நாள் விடுமுறை வாரக் கடைசி. தளத்தைச் சுற்றி வாழும் குடும்பங்கள் குழாயைத் திறந்தபோது எண்ணெய் வாடை. தலைவலி, வயிற்று வலி, தோலில் தடிப்பு. குழந்தைகளைக் குளிப்பாட்டிய தண்ணீர் அது. கடற்படையின் நீர் விநியோகத்தை நம்பியிருந்தவர்கள் சுமார் 93,000 பேர். அந்த நாட்களில் தளத்தின் தலைமை அதிகாரி, தாமும் தம் ஊழியர்களும் அந்தத் தண்ணீரையே குடிப்பதாக மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பிறகு மன்னிப்புக் கேட்டுக் கொண்டார்.

கிள்ளான் பள்ளத்தாக்கு நேயர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூரில் மாசு கலந்து, நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடி, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றபோது நாம் எல்லாரும் வாளியோடு நின்றோம், திட்டித் தீர்த்தோம். ஆனால் அங்கே ஆற்றில் வாடை தெரிந்ததும் நிலையத்தை மூடினார்கள். ஒவாஹுவில் வாடை வீட்டுக்குள் வந்த பிறகுதான் கிணற்றை நிறுத்தினார்கள். அந்த வேறுபாட்டை நான் சிறியதாக நினைக்கவில்லை.

ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஓட்டல்களுக்குப் போயின. எர்னி லாவ் 2021 டிசம்பர் தொடக்கத்தில் நகரின் மிகப் பெரிய நீர் ஆதாரங்களில் ஒன்றான ஹாலாவா கிணற்றையும் நிறுத்தினார். அதில் எண்ணெய் வரவில்லை. ஆனால் பம்பை ஓட்டினால், பாறைக்கடியில் இருக்கும் எண்ணெயைத் தன் பக்கம் இழுத்துவிடுமோ என்ற அச்சம். அடுத்த கோடையை நினைத்து 2022 மார்ச்சில் தண்ணீர்ச் செலவில் நூற்றுக்குப் பத்து குறைத்துக் கொள்ளும்படி மக்களைக் கேட்டுக் கொண்டார்கள். செய்தியாளர் கூட்டத்தில் அவர் கண்கலங்கிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

டிசம்பர் 6 இல் ஹவாய் சுகாதாரத் துறை, தொட்டிகளைக் காலி செய்யும்படி அவசர உத்தரவு போட்டது. கடற்படை அதை எதிர்த்து வழக்காடியது. 2022 மார்ச் 7 இல் தற்காப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின், ரெட் ஹில் நிரந்தரமாக மூடப்படும் என்று அறிவித்தார். அதே மாதம் வீடுகளின் தண்ணீர் மீண்டும் குடிக்கத் தக்கது என்று சுகாதாரத் துறை கூறியது. எல்லாக் குடும்பங்களும் அதை நம்பிவிடவில்லை.

ஜூன் மாதக் கடைசியில் கடற்படையின் சொந்த விசாரணை அறிக்கை வெளிவந்தது. அந்த 20,000 கேலன் கதை பொதுமக்களுக்கு முழுமையாகத் தெரிந்தது அதில்தான். நடந்தது தவிர்த்திருக்கக் கூடியது என்று அவர்களே எழுதினார்கள். 2023 செப்டம்பரில் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்ட மூன்று அட்மிரல்களுக்குக் கண்டனக் கடிதம் அனுப்பப்பட்டது. கடிதம்தான். நம் ஊரில் ஒரு கிராணி ஸ்டோர் கணக்கில் இரண்டு மூட்டை குறைத்தால் வேலை போய்விடும்!

2023 அக்டோபர் 16 இல் எண்ணெயை இறக்கத் தொடங்கினார்கள். பத்துக் கோடி கேலனுக்கு மேல், கப்பல் கப்பலாக. ஒரு பகுதி பிலிப்பைன்ஸின் சுபிக் விரிகுடா வரை வந்தது. அங்கேயும் எதிர்ப்பு கிளம்பியது. மக்களைச் சொல்லிக் குற்றமில்லை; அந்த எண்ணெயின் பெயர் அப்படிக் கெட்டிருந்தது. 2024 மார்ச்சிலிருந்து தொட்டிகளைச் சுத்தம் செய்து மூடும் வேலை தனிப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. மூடுவது என்றால் பூட்டுப் போடுவதல்ல. குழாய்களைக் கழற்ற வேண்டும், தொட்டிகளைக் கழுவ வேண்டும், சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி வருடக் கணக்கில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். அரசாங்கம் கவனக்குறைவு நேர்ந்ததை ஒப்புக் கொண்டது. யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்பதில்தான் வாதம். முன்மாதிரியாக 17 பேரின் வழக்கை முதலில் விசாரித்து, 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது. 17 பேருக்கும் சேர்த்து சுமார் 6 லட்சத்து 80 ஆயிரம் டாலர். அவர்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோரின் வழக்குகள் வரிசையில் நின்றன. நகர நீர் வாரியம் தனியாக, புதுக் கிணறுகளுக்கும் சுத்திகரிப்புக்கும் ஆகும் செலவென்று 120 கோடி டாலர் கேட்டுக் கடற்படைக்கு 2023 இலேயே மனு அனுப்பியிருந்தது. அந்த மேல் குழாயில் ஆறு மாதம் தொங்கிய எண்ணெயின் விலை எவ்வளவு இருந்திருக்கும்? கேலனுக்கு ஐந்து டாலர் என்று தாராளமாக வைத்தாலும் ஒரு லட்சம் டாலர்தான்.

எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது என்று ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். நம் நாட்டு எண்ணெய் நிலையங்களில் தொட்டிகளை எப்படிச் சோதிக்கிறார்கள், துண்டு விழுந்தால் யாரிடம் தெரிவிக்கிறார்கள் என்பதை, இத்துறையில் பல ஆண்டு வேலை செய்த ஐயா ஒருவர் இப்போது சொல்லவிருக்கிறார். அவரிடம் கேட்க என் கையிலும் ஒரு சீட்டு நிறையக் கேள்விகள் இருக்கின்றன.